லீட்ஸில் இறங்கச் சொன்னவன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு மல்லுக்கட்டிய என் அன்பு அத்தானுக்கு,

இன்றைக்கும் ஞாயிறுதான். மொன்றியலில் காலை பத்து மணி, உங்கள் பிராட்போர்டில் பின்னேரம் மூன்று. பழக்கதோஷத்தில் டெலிபோனை எடுத்து உங்கள் பெயரைத் தொட்டுவிட்டேன். ஒருமுறை மணி அடித்த பிறகுதான் எடுக்க நீங்கள் இல்லை என்பது உறைத்தது, உடனே வைத்துவிட்டேன். அக்கா பார்த்திருப்பார். திருப்பி எடுக்கவில்லை.

இதை உங்களுக்கென்று தனியாக எழுதிக் கிழித்துப் போட்டிருக்கலாம். எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் விட்ட பிழையை ஊர் உலகமெல்லாம் படித்தது; மன்னிப்பை மட்டும் ஒளித்து வைத்துக் கேட்பது சரியில்லை. ஆகவே உங்களைத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிக்கொண்டு போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் எனக்கு அத்தான். வட இங்கிலாந்தில் பிராட்போர்டில் வீடு, மலைக்கு அந்தப் பக்கம் மான்செஸ்டரில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஓய்வு பெறும்வரை ஆடி அசைந்து போகும் ரயிலில்தான் போய்வந்தீர்கள். நானோ மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்துகொண்டு இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவன். ரயிலில் போனவருக்கும் பஸ் ஓட்டியவனுக்கும் பேச்சு வேறெங்கே போகும்?

லிவர்பூல், மான்செஸ்டர், லீட்ஸ் என்று வடக்கு நகரங்களை இணைத்து வேக ரயில் விடப்போகிறார்கள் என்ற கதை தொடங்கிய பிறகு நமக்கு வேறு பேச்சே இருக்கவில்லை. மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நடுவில் அது பிராட்போர்டுக்கு வந்து போக வேண்டும், அங்கே புதிதாக ஒரு ஸ்டேஷன் கட்ட வேண்டும் என்பது உங்கள் கட்சி. ஹடர்ஸ்ஃபீல்ட் வழியாக ஏற்கெனவே பாதை கிடக்கிறது, அதைத் திருத்தி நேரே விடட்டும், மலையைக் குடைந்து வளைந்து வளைந்து உங்கள் ஊருக்கு எதற்கு வர வேண்டும் என்பது என் கட்சி. அரசாங்கம் வரும் என்று சொன்னால் நீங்கள் டெலிபோன் எடுப்பீர்கள், வராது என்றால் நான் எடுப்பேன். அவர்கள் மாறி மாறிச் சொன்னதில் நம் இருவர் டெலிபோனும் ஓய்ந்ததில்லை.

"உங்கட ஊரில ரெண்டு ஸ்டேஷன் இருக்கே அத்தான், பிறகென்ன மூண்டாவது?" என்று சீண்டுவேன்.

"ரெண்டும் முட்டுச் சந்தடா. ஒண்டுக்கொண்டு தொடுப்பில்லை. வாற ரயில் வந்த வழியாலதான் திரும்பிப் போகோணும். இவ்வளவு பெரிய ஊரைத் தாண்டி ஒரு ரயிலும் போகேலாது எண்டால் அது என்ன ஞாயம்?"

"பத்து மைலில லீட்ஸ் இருக்குத்தானே. அங்க இறங்கி மாறி வாங்கோவன்."

"மாறி வாங்கோ எண்டு சொல்லுறவன் ஒருநாளும் மாறினதில்லை யோகன். வேக ரயில் மிச்சம் பிடிச்சுத் தாற நேரமெல்லாம் அந்தக் கடைசிப் பத்து மைலில போயிடும். நீ டிரைவர். உன்ர சீட்டில இருந்து பாத்தா நிக்கிற இடமெல்லாம் சுணக்கம்தான்."

அது சுட்டது, ஏனென்றால் உண்மை. பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு ஓடி வருகிறவர்களைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தியிருக்கிறேன். ஒருவருக்காக நின்றால், உள்ளே வேலைக்குச் சுணங்கிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் நான் என்ன சொல்வது? இந்தக் கேள்விக்கு நீங்கள் ஒருநாளும் நேரே பதில் சொல்லவில்லை. "தேத்தண்ணி ஆறுது, வைக்கிறன்" என்று நழுவிவிடுவீர்கள்.

கடைசியாக நாம் பேசியது என் கண் ஆபரேஷனுக்கு முந்திய ஞாயிறு. "கண்ணைத் திருத்திக்கொண்டு வா. புது வரைபடம் ஒண்டு வந்திருக்கு, கோடு கோடாக் காட்டி உன்ர வாயை அடைக்கிறன்" என்றீர்கள். அந்த வாரக் கடைசியிலேயே, கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பவில்லை என்று செய்தி வந்தது.

என்னால் வர முடியவில்லை அத்தான். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி வைத்திருந்தார்கள். அது கரைவதற்கு முன் விமானம் ஏறினால் பார்வையே போய்விடும் என்றார் டாக்டர். ஒரு கிழமை முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும் என்பதும் உத்தரவு. உங்களுக்காகக் குப்புறக் கிடந்துதான் அழுதேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா சொல்லி அனுப்பினார், "அறிவித்தலைத் தம்பி எழுதட்டும், அவன்தான் வடிவா எழுதுவான்" என்று. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று நம் சனம் எழுதுகிற மரண அறிவித்தல். தலையணையில் முகத்தை வைத்தபடி நான் சொல்லச் சொல்ல, என் மனைவி பக்கத்தில் இருந்து எழுதினாள். வதிவிடம் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"பிராட்போர்ட் எண்டு போடட்டோ?"

"லீட்ஸ் எண்டு போடு. பிராட்போர்ட் ஆருக்குத் தெரியும்? லீட்ஸ் எண்டால்தான் நாலு பேருக்கு விளங்கும்."

யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். உங்களோடு வாதாடி வாதாடி அந்த ஊரைத் தள்ளிவிட்டுப் போவது என் வாய்க்குப் பழகிவிட்டது.

அறிவித்தல் இணையத்தில் வந்தது, வானொலியில் வாசித்தார்கள், கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று டெலிபோனுக்கு டெலிபோன் தாவிவிட்டது. அன்று பின்னேரம் அக்கா கூப்பிட்டார். குரலில் அழுகை இல்லை.

"லீட்ஸில ஆரடா தம்பி செத்தது?"

இணையத்தில் அன்றைக்கே திருத்திவிட்டேன். சனத்தின் டெலிபோன்களில் கிடந்ததை எப்படித் திருத்துவது? உங்களோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த, நீங்கள் வடக்கே எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்த குலம் அண்ணை, லண்டனிலிருந்து இன்னும் இரண்டு கூட்டாளிகளோடு செத்தவீட்டுக்கு வர நினைத்தார். பழைய அறிவித்தலைப் பார்த்த கையோடு மூன்று பேருக்கும் லீட்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். மண்டபத்தின் விலாசம் பிறகு வந்தபோது, அதிலிருந்த பிராட்போர்ட் என்பதை லீட்ஸில் ஏதோ ஒரு தெரு என்று நினைத்துக்கொண்டார்கள். இறங்கி விசாரித்தபோதுதான் வேறு ஊர் என்று தெரிந்தது. பிராட்போர்ட் ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததுக்குக் காத்து நின்று, வந்து இறங்கி, டாக்ஸி தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

நான் வீட்டில் ஒற்றைக் கண்ணால் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடிந்தது. பெட்டியை மூடி, தகனத்துக்கு அனுப்பத் திரையையும் இழுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கதவு திறந்து மூன்று வயதானவர்கள் உள்ளே வந்தார்கள். குலம் அண்ணையின் கையில் மாலை. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அக்கா எழுந்து போய் அந்த மாலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அடிக்க வேண்டிய கல்வெட்டை, உங்கள் வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சின்ன நினைவுப் புத்தகத்தை, யார் எழுதுவதென்றும் சொல்லவில்லை. நான் எழுதலாமா? கேட்கவே பயமாக இருக்கிறது.

மேலே உள்ளதை எழுதி அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சொல்ல நிறைய இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் வழியாகக் கியூபெக் நகரம் வரை வேக ரயில் வரப்போகும் கதை உங்களுக்குத் தெரியும். "இப்ப உனக்கும் வந்திட்டுது, அனுபவி" என்று சிரித்தீர்களே. அது எந்த வழியால் போவது என்று சனத்திடம் கருத்துக் கேட்கும் கூட்டம் புதன்கிழமை பக்கத்து ஊரான லவாலில் நடந்தது. மெட்ரோவில் மாறிப் போனேன். சுவரெல்லாம் வரைபடங்கள். எனக்கு உங்களைத்தான் தேடியது. நீங்கள் வந்திருந்தால் மண்டபத்தைப் பூட்டும்வரை வெளியே வந்திருக்க மாட்டீர்கள்.

வடக்கே தோட்டம் வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா எழும்பிப் பிரெஞ்சில் கேட்டார்: "ரயில் என் வயலை வெட்டிக்கொண்டு போகும், எங்கள் ஊரில் நிற்காது. அதில் ஏற நான் ஒரு மணித்தியாலம் கார் ஓட்ட வேண்டும். சத்தம் எனக்கு, ரயில் யாருக்கு?" பின்னாலிருந்து ஓர் இளைஞன், எல்லா ஊரிலும் நின்றால் அதற்குப் பெயர் வேக ரயிலா என்று கத்தினான். பாதிச் சனம் கை தட்டியது. அத்தான், அது அப்படியே என் குரல். வெளியே நின்று கேட்கும்போதுதான் அதில் எவ்வளவு அலட்சியம் இருக்கிறது என்று தெரிகிறது.

நான் கை தூக்கினேன். பஸ் ஓட்டப் பழகிய பிரெஞ்சு, தெரியுமே, "பின்னால் தள்ளி நில்லுங்கள்" என்பதற்கு மேல் கஷ்டம். இங்கிலாந்தில் பிராட்போர்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே என் அத்தான் இருந்தார் என்று தொடங்கினேன். பக்கத்து ஊரில் இறங்கி மாறி வந்தால் போதும் என்று வருடக்கணக்காக அவரிடம் சொன்னவன் நான், அப்படி மாறி வந்த மூன்று பேர் அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள் என்றேன். நிற்காத ஊர்க்காரர் எப்படி வந்து ஏறுவார் என்பதை முதலில் வரைந்து காட்டுங்கள், கோட்டைப் பிறகு போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அதிகாரி குறித்துக்கொண்டார். குறித்ததை என்ன செய்வார்களோ, யார் கண்டது?

முழுக்க உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிராட்போர்டுக்குத் திருப்பினால் ஹடர்ஸ்ஃபீல்ட்காரர் என்ன பாவம் செய்தார்கள்? அதற்கும் பதில் சொல்லாமல்தானே போனீர்கள்.

அடுத்த நாள் விடிய முதல் வேலையாகக் குலம் அண்ணைக்கு எடுத்தேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். முதலில் சிரித்தார்.

"எடேய், மூண்டு கிழவரும் மாலையும் கையுமா லீட்ஸ் ஸ்டேஷனில நிண்டதைப் பாத்து, கலியாண வீட்டுக்கு வந்தவை எண்டு ஒரு பிள்ளை வாழ்த்துச் சொல்லிப்போட்டுப் போகுது." பிறகு சொன்னார்: "ஒரு பிடி வாய்க்கரிசி போடக் குடுத்து வைக்கேல்லையடா எனக்கு."

முப்பத்தோராம் நாளுக்கு வாருங்கள் என்றேன்.

அந்தக் கையோடு அக்காவுக்கு எடுத்தேன். நின்றால் மனம் மாறிவிடும் என்று பயம். எடுத்தார். கூட்டத்தில் உங்களைப் பற்றிக் கதைத்ததையும் குலம் அண்ணை சொன்னதையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அவரும் இதைத்தான் செய்தவர்" என்றார் அக்கா.

"எதை?"

"இஞ்ச நடக்கிற கூட்டத்துக்கெல்லாம் போறவரெல்லோ. எழும்பி, மொன்றியலில பஸ் ஓடுற என்ர மச்சான் இப்பிடிக் கேக்கிறான், ஒருத்தருக்காக நிண்டால் மற்றவையளுக்கு என்ன மறுமொழி, சொல்லுங்கோ எண்டு கேட்பார். ஞாயமான கேள்வி, எனக்கு மறுமொழி தெரியேல்லை எண்டும் சொல்லுவார். அங்க இருக்கிற வெள்ளையளுக்கு உன்னைத் தெரியும்."

டெலிபோனைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதேன் அத்தான். என்னிடம் தேத்தண்ணி ஆறுகிறது என்று நழுவிவிட்டு, என் கேள்வியை ஊர்ச் சபையில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். நான் உங்கள் ஊரை ஒரு வரியில் இருந்து வெட்டிவிட்டேன்.

"கல்வெட்டை நீயே எழுது" என்றார் அக்கா. "எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு அச்சுக்குக் குடு."

நேற்று இரவுக்குள் எழுதி முடித்து, இன்று காலை முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பிராட்போர்டை வதிவிடமாகக் கொண்ட என்ற இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார். "அதைத் திருப்பி ஒருக்கா வாசி" என்றார். வாசித்தேன். இன்னொருமுறை கேட்டார். மூன்றாம் முறை வாசிக்கும்போது அங்கே விம்மல் கேட்டது. நான் நிறுத்தாமல் வாசித்தேன்.

கண் டாக்டர் குமிழி கரைந்துவிட்டது, பறக்கலாம் என்கிறார். லண்டனில் இறங்கி நேரே குலம் அண்ணை வீட்டுக்குப் போகிறேன். மற்ற இருவரையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறார். மூன்று பேரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கே மாற வேண்டும், எந்த மேடைக்குப் போக வேண்டும், ஒன்று தவறினால் அடுத்தது எது என்று எல்லாம் பார்த்து எழுதி வைத்துவிட்டேன். அவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள், நான் அவர்களோடு நிற்பேன். முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாளே நாலு பேரும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவோம். இது சத்தியம்.

நம் இருவர் கேள்விக்கும் இன்னும் மறுமொழி தேடும்,
உங்கள் சின்ன மச்சான் யோகன்,
பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்.