கச்சான் இல்லாத பெட்டி

இன்று காலை களஞ்சிய அறையைத் திறந்ததும் வறுத்த கச்சான் கடலை வாசனை முகத்தில் அடித்தது. தீபாவளிக்கு வந்திறங்கிய இனிப்புப் பெட்டிகளில் ஒன்று மூலை நசுங்கிக் கிழிந்திருந்தது. மேசைக்குத் திரும்பி, அதே இனிப்பின் பக்கத்தைக் கணினியில் பார்த்தேன். "கச்சான்: இல்லை" என்று இருந்தது. என் மூக்கும் சிஸ்டமும் முரண்பட்டால் எதை நம்புவது என்பதில் உனக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பங்குனியில் நீ போனபின் வரும் முதல் தீபாவளி இது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, பதுளை டவுனில் ஒரே கடையில், ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். சப்ளையர்கள் பொருள் விவரங்களை எக்செல் பைலில் அனுப்புவார்கள்; நாம் சிஸ்டத்துக்குள் ஏற்றுவோம்; தோட்டத்துச் சனம் போனில் பார்த்து ஓடர் கொடுக்கும். இதை நான் வீட்டில் "கம்பியூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தேன். நீ உன் வீட்டில் "பொலிஸ் வேலை மாதிரி, ஆனா தொப்பி இல்ல" என்றாயாம்.

நீ எதையும் நம்பியதில்லை. ஒரு சப்ளையர் இஞ்சி பிஸ்கட்டுக்கும் கூட்டுகிற தும்புத்தடிக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் ஒரே எடையைப் போட்டு அனுப்பியபோது, "நம்மூரு காத்துக்கு இந்த வாளி பறந்துருமேடா" என்று கவலைப்பட்டாய். பிழையே இல்லாத பைல் வந்தால் இன்னும் மோசம். அன்றைக்கு மதியம் உனக்குச் சோறு இறங்காது. உனக்குப் பெண் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சாத்திரியார் சொன்னார். "பத்துமா? யாரோ பாத்து எழுதியிருக்கான்" என்றாய். கல்யாணம் நடந்தது. சந்தேகம் மட்டும் கடைசிவரை தீரவில்லை; உன் மனைவிக்கும் அது தெரியும்.

பசறையிலிருந்து அந்த அம்மா முதன்முதலில் போன் எடுத்த நாளை நினைத்துக்கொண்டேன். மகனுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒரு துண்டு மிட்டாய்க்கு மூச்சு முட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். "ஒங்க பக்கத்துல இந்த இனிப்புல கச்சான் இல்லன்னு போட்டிருக்கு சேர். நம்பலாங்களா?"

நம் பக்கத்தை நம்பலாமா என்று உன்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். நீ மலர்ந்துபோனாய். "ஒரு நிமிசம் இருங்கம்மா" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுக் களஞ்சிய அறைக்கு நடந்தாய். பெட்டியைப் பிரித்து, பாக்கெட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருந்த பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வாசித்தாய். கச்சான் இருந்தது.

சப்ளையர் பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார், அவ்வளவுதான். வெறுங்கட்டம் வந்தால் "இல்லை" என்று நிரப்பும்படி சிஸ்டத்தை அமைத்திருந்தார்கள். பக்கம் பார்க்க அழகாக இருக்குமாம். நீ முதலாளியிடம் போய், இனி அங்கே "தெரியாது" என்றுதான் வரவேண்டும் என்றாய்.

"கடைக்காரனே தெரியாதுன்னு சொன்னா எவன்டா வாங்குவான்?"

"கேட்டுட்டு வாங்குவாங்க மொதலாளி. சொல்லலேன்னா சொல்லலேன்னுதான் அர்த்தம். இல்லேன்னு நாம எப்பிடிச் சொல்றது?"

"ஒன்னைய வேலைக்கு வச்சதே எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு" என்றார் முதலாளி. ஆனாலும் மாற்றச் சொன்னார். அன்றுமுதல் புதுப் பொருள் எது வந்தாலும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து வாசிப்பது உன் வழக்கமானது. வாசித்தபின் பிளேன்டீயோடு தின்பதும் சரிபார்த்தலில் அடக்கம் என்றாய். அதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பங்கு கிடைத்ததால் கேட்கவில்லை.

போன வாரம் சிஸ்டத்தைப் புதுப்பித்தார்கள். எல்லாம் வேகமாகிவிட்டது, பொய் உட்பட. இன்று காலை தீபாவளிப் பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நீ மாற்றவைத்த "தெரியாது" ஒரு கட்டத்தில்கூட மிஞ்சவில்லை. வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. சப்ளையர் அனுப்பிய பைலில் அந்தக் கட்டங்கள் எல்லாமே காலி.

முதலாளியிடம் சொன்னேன். "தீபாவளி முடியட்டுமேடா" என்றார். முடியாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் போய்ட்டான்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கங்களை நிறுத்தி வைக்கச் சம்மதித்தார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறுத்திய பிறகு, நிற்கிறதா என்று என் சொந்தப் போனிலும் பார்த்துக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டுக்கு எழும்பும்போது போன் அடித்தது. பசறை அம்மா. தீபாவளிக்கு முன் போன் எடுப்பது அவர் வழக்கம்தானே.

"அந்த சேர் இருக்காங்களா? அவரக் கேட்டுட்டுத்தான் வாங்குவேன்."

சொன்னேன். பங்குனியில் நீ தவறிவிட்டாய் என்று. மறுமுனையில், பின்னால் ஒரு பையன் எதற்கோ சிரிப்பது கேட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இப்ப யாருங்க பெட்டியப் பிரிச்சுப் பாக்கிறது?" என்றார்.

குரலில் முழுச் சந்தேகம். உனக்கு மிகவும் பிடித்திருக்கும்.

"நான்தாம்மா" என்றேன். "ஒரு நிமிசம் இருங்க."

ரிசீவரை மேசையில் உன் பக்கத்தில் வைத்துவிட்டுக் களஞ்சிய அறைக்கு நடந்தேன்.