அலோயிசின் மேலதிகத் தட்டு

லாங்கன்தால்
சுவிட்சர்லாந்து
5.1.1986

அன்புள்ள கலாவுக்கு,

பனியும் நானும் சுகமாக இருக்கிறோம். உம்முடைய சுகத்தையும் மாமாவின் சுகத்தையும் உடனே எழுதும்.

முதலில் நல்ல செய்தி. எனக்கு வதிவிட அனுமதி தந்துவிட்டார்கள். இனி மனைவியைக் கூப்பிடலாம். அதற்கான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் புள்ளடி போட்ட இடத்தில் நீர் கையொப்பம் வைத்து அனுப்பினால் போதும், மிச்சம் என் பாடு. இந்த வருடம் முடிவதற்குள் கொடுக்க வேண்டுமாம். கலியாணமாகிப் பதினெட்டாம் நாள் புறப்பட்டு வந்தவன் நான். இரண்டு வருடமாக இந்தத் தாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

இங்கே கிறிஸ்மஸ் என்றால் எல்லாரும் வீட்டுக்குள்தான். ஆனால் நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் நான் தனியே இருக்கவில்லை. பீங்கான் தொழிற்சாலையில் என்னோடு சூளையில் நிற்கும் அலோயிஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயது மனிதர். போலந்தில் சைலீசியா என்ற பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், அரசாங்கத்தோடு கொழுவிக்கொண்டு தப்பி வந்தவர். மனைவியும் மகளும் பிறகு வெளிக்கிட்டு ஜெர்மனியில் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேர், மேசையில் மூன்று தட்டு. அவர்கள் ஊரில் அன்றைக்கு ஒரு தட்டு மேலதிகமாக வைப்பார்களாம், தனித்துப்போன யாராவது கதவைத் தட்டினால் இருத்திச் சாப்பாடு கொடுக்க. "அடுத்த வருசம் அது உன்ரை மனிசிக்கு" என்றார். எங்களுக்குள் அரைகுறை ஜெர்மன்தான், ஆனாலும் அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஒரு குறை சொல்லட்டுமா? உம்முடைய கடிதங்கள் முத்து முத்தாக வருகின்றன. ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் குசினிக்குள் அடுப்படியில் நின்று "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்ட கலாவை அவற்றில் காணவில்லை.

அன்புடன்,
நித்தி

கரவெட்டி
யாழ்ப்பாணம்
9.2.1986

அன்பும் பண்பும் நிறைந்த அத்தான் அவர்கட்கு,

இறையருளால் இவ்விடம் யாவரும் நலமே உள்ளோம். தாங்கள் வரைந்த மடலும் அத்துடன் இணைத்த படிவமும் கிடைக்கப்பெற்றுப் பேருவகை அடைந்தோம். படிவத்தைத் தந்தையார் பத்திரமாக எடுத்து வைத்துள்ளார். உரிய காலத்தில் அது அனுப்பி வைக்கப்படும்.

பாடசாலையில் எனக்கு இவ்வாண்டு மூன்றாம் வகுப்புப் பொறுப்பு வழங்கப்பட்டுள்ளது. நாற்பத்தொரு மாணவர்கள். நாட்டு நிலைமை தாங்கள் அறிந்ததே. குளிர்காலமாதலால் தாங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.

தங்கள் அன்பு மனைவி,
சிவகலா நித்தியானந்தன்

லாங்கன்தால்
16.3.1986

அன்புள்ள கலாவுக்கு,

"பேருவகை அடைந்தோம்" என்று எழுதியிருக்கிறீர். நீரும் மாமாவும் சேர்ந்தா அடைந்தீர்கள்? அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சிவப்புப் பேனையைக் கீழே வைக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் இது என் மனைவியின் கடிதம், பரீட்சைத் தாள் இல்லையே.

அலோயிசிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் பேச்சைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சைலீசியாவில் அவர்கள் கதைப்பது போலிஷ் மாதிரி இருக்குமாம், இடையிடையே ஜெர்மன் சொல் வருமாம், ஆனால் இரண்டும் இல்லையாம். பெயர் கேட்டால் "எங்கட மாதிரி" என்றுதான் சொல்வார்களாம். உலகச் சண்டைக் காலத்தில் ஜெர்மன் வாத்தியார் அந்தப் பேச்சுக்கு அடித்தார், சண்டை முடிய வந்த போலிஷ் வாத்தியார் அதே பேச்சுக்கு மற்றக் கையில் அடித்தார் என்று கையை நீட்டிக் காட்டினார். எங்கள் விடுதியில் இருக்கும் இரண்டு போலந்துக்காரரும் அவர் வாய் திறந்தாலே பட்டிக்காட்டான் என்று சிரிக்கிறார்கள்.

அந்தப் பேச்சை எழுத யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை. அதனால் மனைவிக்குப் போலிஷில்தான் கடிதம் எழுதுவார். "எட்டு வருசம் ஒரு கட்டிலிலை படுத்தவளுக்கு அரசாங்கத்துக்கு எழுதிற மாதிரி எழுதிறன்" என்றார்.

கலா, நீர் கதைப்பது போலவே எழுதும். பிழை வந்தால் வரட்டும். படிவத்தையும் மறக்காமல் அனுப்பும்.

அன்புடன்,
நித்தி

கரவெட்டி
18.5.1986

அன்பும் பண்பும் நிறைந்த அத்தான் அவர்கட்கு,

யாவரும் நலம். பேசுவது போல் எழுதுவது படித்தவர்க்கு அழகன்று எனத் தந்தையார் கருதுகிறார். நானும் ஓர் ஆசிரியை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற வாரம் எறிகணை வீச்சால் பாடசாலை மூன்று நாள் மூடப்பட்டிருந்தது. பிள்ளைகள் அனைவரும் நலமாகத் திரும்பினர்.

படிவம் குறித்து விரைவில் எழுதுவேன். அந்த அலோயிஸ் என்பவர் தம் மொழியில் இப்போது யாருடன் கதைக்கிறார்?

தங்கள் அன்பு மனைவி,
சிவகலா நித்தியானந்தன்

லாங்கன்தால்
7.9.1986

அன்புள்ள கலாவுக்கு,

உம்முடைய கடைசிக் கேள்வியில் "பேசுகிறார்" என்று வராமல் "கதைக்கிறார்" என்று ஒரு சொல் தப்பி வந்திருந்தது. மாமா கவனிக்கவில்லை போலும். அந்த ஒரு சொல்லுக்காகக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பதில் இதுதான்: ஒருவருடனும் இல்லை. ஓகஸ்ட் விடுமுறையில் அவர் டோர்ட்முண்ட் போனார், மனைவியையும் மகளையும் பார்க்க. அங்கே அவர்கள், தங்கள் ஊர் முந்தி ஜெர்மனியோடு இருந்ததைக் காட்டி, தாங்கள் ஜெர்மன்காரர் என்று எழுதிக் கொடுத்துக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டார்கள். ரயில் நிலையத்தில் மகளைக் கண்டதும் இவர் தங்கள் பேச்சில் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜெர்மனில் சொன்னதாம், "அப்பா, மெதுவாக் கதையுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று. வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சு வேண்டாம், பிள்ளையின் உச்சரிப்புக் கெட்டுவிடும் என்று மனைவி சொல்லிவிட்டாளாம். தானும் ஜெர்மன்காரன் என்று எழுதிக் கொடுத்தால் அவரும் அங்கே இருக்கலாம். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு கிழமைக்கென்று போனவர் நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டார். இப்போது சூளைக்குத் தட்டு ஏற்றும்போது வாய்க்குள் தனக்குத் தானே கதைக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கலா. என்னோடு அறையில் இருக்கும் இரண்டு தமிழ்ப் பொடியளும் வேலையால் வந்தால் படுத்துவிடுவார்கள். சனிக்கிழமை சூரிச்சுக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனால்தான் நாலு வார்த்தை தமிழ். நீர் வந்தால் எல்லாம் மாறிவிடும். நீர் எனக்கு வேண்டும். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படிவத்தை அனுப்பும்.

அன்புடன்,
நித்தி

கரவெட்டி
24.11.1986

இஞ்சருங்கோ,

இதைப் பள்ளிக்கூடத்திலை இருந்து எழுதிறன். பிள்ளையள் விளையாடப் போட்டுதுகள். அப்பாவுக்குக் காட்டேல்லை, நானே நெல்லியடித் தபால் கந்தோரிலை போடப்போறன். முந்தின கடிதமெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினது. அதுகளிலை என்ரை எண்டு இருந்தது அலோயிசைப் பற்றிக் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான்.

படிவத்தை இதோடை திருப்பி அனுப்பிறன். கையெழுத்து வைக்கேல்லை. நான் வரேல்லை.

கோவியாதேங்கோ. அப்பா சொன்ன தமிழிலை இதை எழுதப் பாத்தன், வடிவா மழுப்பலாம் போலை இருந்துது. பத்து மாசமா மழுப்பினதும் அப்பிடித்தான். நீங்கள் கேட்ட மாதிரிக் கதைக்க வெளிக்கிட்ட உடனை மழுப்ப ஏலாமல் போச்சு.

உங்களிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினெட்டு நாளிலை குறை காண எங்கை நேரம்? அலோயிசின்ரை கதையை நீங்கள் நான் வரவேணும் எண்டுதான் எழுதினீங்கள். எனக்கு அந்தப் பிள்ளை சொன்னதுதான் மனசிலை நிண்டுது. எனக்கொரு பிள்ளை அங்கை பிறந்து, ரயிலுக்கை வைச்சு என்னைப் பாத்து மெதுவாக் கதையுங்கோ அம்மா எண்டு சொன்னால் நான் தாங்கமாட்டன். அலோயிசின்ரை மனிசி மாதிரி மாறவும் எனக்கு ஏலாது, அலோயிஸ் மாதிரி வாய்க்குள்ளை கதைச்சுக்கொண்டு திரியவும் ஏலாது. இஞ்சை ஷெல் விழுகுது, பயம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நாற்பத்தொரு பிள்ளையள் திரும்பிக் கதைக்குதுகள்.

உங்களை இஞ்சை வாங்கோ எண்டு கூப்பிட ஏலாது, ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். காத்திருங்கோ எண்டு சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் நான் ஒண்டும் சொல்லன்.

ஒவ்வொரு கடிதத்தையும் நாலு தரம் வாசிச்சனான். அது உங்களுக்குத் தெரியவேணும்.

நத்தாருக்கு அலோயிசிட்டைப் போங்கோ, தனிய இருக்காதேங்கோ. அந்த மூண்டாவது தட்டை எனக்கெண்டு வைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

கலா