தோல் சம்பந்தமான வேலை

2006 பெப்ரவரி 6, திங்கள்

மழை. ரயில் பிந்தியது. தோல்பட்டறைக்குள் நுழைந்ததும் முதலாளி கொலின் கூப்பிட்டான். இரண்டு வருடமாக மெழுகுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், இனி ஒரு குவளையை முதலிலிருந்து கடைசிவரை நீயே செய் என்றான். ஒருவன் செய்யும் முதல் குவளையை அங்கே விற்பதில்லை. அது செய்தவனுக்கே.

சரி என்றேன். சந்தோஷமா? தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன், ஐம்பத்து மூன்று வயதில், மாட்டுத்தோலில் பியர் குடிக்கும் குவளை தைக்கப் பழகப் போகிறான். எங்களுடைய சாமானை வாங்குகிறவர்கள் அநேகமாகப் பழைய காலத்துச் சிப்பாய்களைப் போல உடுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வயலில் சண்டை விளையாடும் வெள்ளைக்காரர். சண்டை பார்க்காத சனத்துக்குச் சண்டை விளையாட்டு.

வீட்டுக்கு வந்து மனைவி தவநாயகியிடம் சொன்னேன். "நல்லது. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

பெப்ரவரி 9

தோல் வெட்டினேன். ஓக் மரப்பட்டையில் மாதக்கணக்கில் ஊறிப் பதமான தோல். உடம்புக்கு ஒரு துண்டு, அடிக்கு ஒரு வட்டம், கைபிடிக்கு உள்ளே வைத்துத் தைக்கச் சில கீற்றுகள். கத்தி வழுக்கவில்லை. நான் எதையாவது இப்படிக் கவனமாகச் செய்து எவ்வளவு காலம்!

வீட்டுக்கு வந்ததும் வழமைபோலப் பின்கதவால் நேரே குளியலறைக்கு. அதற்குப் பிறகுதான் சாமியறைப் பக்கம் போகலாம். இது தவநாயகியின் சட்டம். பெற்றோல் செட்டில் நின்ற காலத்தில் இப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. அது அவளுடைய அண்ணன் குகதாசனின் செட். லண்டனுக்கு வந்து இறங்கிய கிழமையே என்னைக் கல்லாவில் நிறுத்திவிட்டு, "கெமிஸ்ற்றிதானே மச்சான், பெற்றோலும் கெமிஸ்ற்றிதான்" என்று நாலு பேருக்கு முன்னால் சிரித்தவன். அந்தச் சிரிப்பு என்னிடம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

பெப்ரவரி 12, ஞாயிறு

லோஜினிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. வெம்பிளியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அம்பலவாணன் என்பவரின் மகன். ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு இங்கே வந்த குடும்பம். பொடியன் கொம்பியூட்டர் வேலை. லோஜினியும் அவனும் ஏற்கனவே ஒருமுறை சந்தித்துக் கதைத்துவிட்டார்களாம்! "பரவாயில்லை அப்பா, நல்லாத்தான் கதைக்கிறான்" என்றாள். என் மகள் ஒருவனைப் பரவாயில்லை என்று சொல்லி இதற்கு முன் நான் கேட்டதில்லை.

பெப்ரவரி 19, ஞாயிறு

என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அம்பலவாணனும் மனைவி கனகாம்பிகையும் வந்தார்கள். வாசலிலேயே, "வணக்கம் டொக்டர்" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். தேத்தண்ணி வந்தது. மனுசன் கோட்டுக் கையை மடித்து என் முன்னால் நீட்டினார்.

"குறை நினையாதேங்கோ டொக்டர், வந்த இடத்திலை. ஜேர்மனியிலையிருந்து இந்தக் கடி, சொறி. இரவிலை நித்திரை இல்லை."

மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து வெடித்திருந்தது. மணிக்கூட்டுப் பட்டியின் அகலத்துக்கு, பட்டி இருந்த இடத்தில் மட்டும். புறங்கையிலும் இருந்தது. குளிருக்குத் தோல் கையுறை போடுகிறீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. கொலினுக்கும் இதேதான். கடைத் தோலைக் குரோமிய உப்பில் பதப்படுத்துவார்கள், சிலருடைய உடம்புக்கு அது ஒத்துவராது. அதனால்தான் எங்கள் பட்டறையில் மரப்பட்டைத் தோல் மட்டும்.

"பட்டியையும் கையுறையையும் விட்டுப் பாருங்கோ. துணிப் பட்டி போடுங்கோ" என்றேன்.

"மருந்து?"

"தேவைப்படாது எண்டு நினைக்கிறன்."

அவர் மனைவியைப் பார்த்து, "பாத்தீரே, பெரிய டொக்டர்மார் மருந்து எழுதாயினம்" என்றார்.

அவர்கள் போன பிறகு தவநாயகியைக் கேட்டேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான் பொய் ஒண்டும் சொல்லேல்லை. என்ன வேலை எண்டு கேட்டவை. தோல் சம்பந்தமான வேலை, லண்டன் பிரிட்ஜ் பக்கம் எண்டு சொன்னனான். அங்கை பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்ரை பிழையே?"

வேண்டுமென்று சொன்னாளா? வாயில் வந்தது அதுதானா? பதினைந்து வருடம் இந்த ஊரில் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இவளுடைய முகத்தை வாசிக்கத் தெரியவில்லை.

பெப்ரவரி 20

நான் ஏன் மறுக்கவில்லை?

பெப்ரவரி 25, சனி

டூட்டிங்கில் மரக்கறி வாங்கப் போனோம். கதை அங்கேயும் போயிருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண் முழங்கையைக் காட்டி, "டொக்டர் அண்ணை, இதுக்கு என்ன பூசலாம்?" என்று கேட்டார். உங்கள் வைத்தியரிடம் போங்கோ என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் டொக்டர் சொல்வதுபோல வந்தது. நடை கூட மாறிவிட்டது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டேன். வெட்கம்தானா? அரைவாசி.

மார்ச் 2

தையல் முடிந்தது. குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பது. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மற்றப் பக்கம் பிடிக்கும். விரல் மூட்டெல்லாம் வெடித்துவிட்டது. பிறகு தண்ணீரில் ஊறவைத்து, ஈரமணலை உள்ளே இடித்து இறுக்கி நிரப்பினேன். தட்டையாக இருந்தது வயிறு வைத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். கொலின் முதுகில் தட்டினான். அவனையும் எனக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

லோஜினியும் பொடியனும் படம் பார்க்கப் போனார்கள். இது மூன்றாவது தடவை. வந்து ஹோலுக்குள் தனியாகச் சிரிக்கிறாள்.

அம்பலவாணன் தொலைபேசியில்: "டொக்டர், கை வறண்டு வருது! வெம்பிளி முழுக்கச் சொல்லிப்போட்டன்." இப்போது எப்படிச் சொல்வது? வெம்பிளி முழுக்க!

மார்ச் 14

மெழுகு. மணலைக் கொட்டி, பன்னிரண்டு நாள் காயவிட்ட பிறகு. ஈரம் கொஞ்சம் இருந்தாலும் சூட்டு மெழுகில் தோல் சுருண்டு கருவாடாகிவிடும். தேன்மெழுகு அறுபத்து நாலு பாகையில் உருகும், அதற்கு மேலே கூட்டவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். தோல் மெழுகைக் குடித்தது, கறுத்தது, விறைத்தது. உள்ளே பைன் பிசின் பூசினேன். தட்டினால் மரம்போலச் சத்தம்.

மார்ச் 18, சனி

இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தேன். ஒரு சொட்டும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி யன்னலில் வைத்திருக்கிறேன். தவநாயகி ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கை கழுவினாள்.

மார்ச் 19, ஞாயிறு

எல்லாம் போச்சு. அல்லது போகவில்லையோ?

நாள் குறிக்க வந்தார்கள். அம்பலவாணன் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார், புதுத்தோல். கனகாம்பிகை தவநாயகிக்கு உதவ என்று குசினிக்குள் போனார். யன்னலில் இருந்த குவளையைக் கண்டிருக்கிறார், ஏதோ ஸ்டைலான தேத்தண்ணிச் சாடி என்று நினைத்திருக்கிறார். கொதிக்கக் கொதிக்கப் பால்தேத்தண்ணியை அதற்குள் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். தவநாயகி பின்னால் ஓடிவந்தாள், பிந்திவிட்டாள். குவளை தட்டின் மேல் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. தேத்தண்ணிக்கு மேலே மெழுகு பொன்னிறமாக மிதந்தது. அறை முழுக்கப் பிசின் மணம்.

"ஐயோ, என்ரை குவளை!" நான்தான் கத்தினேன். "ஆறு கிழமையா என்ரை கையாலை தைச்சது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டொக்டர் உதெல்லாம் செய்வீங்களோ?" என்றார் அம்பலவாணன்.

"ஹொபி" என்றாள் தவநாயகி, மூச்சு விடாமல். "லீவு நாளிலை செய்வார்."

"ஓ, ஹொபி" என்று அவர் முகம் மலர்ந்தது. எனக்குக் கதவு திறந்து விடப்பட்டிருந்தது. உள்ளே போய் இருந்திருக்கலாம். குவளையைப் பார்த்தேன். அது முழங்கால் மடிந்தவன்போல இருந்தது.

"ஹொபி இல்லை. இதுதான் என்ரை வேலை. நான் டொக்டர் இல்லை, ஒருநாளும் அப்பிடிச் சொல்லவும் இல்லை. தோல்பட்டறையிலை வேலை செய்யிறன்."

"அப்ப என்ரை கை எப்பிடி மாறினது?"

"தோல் வேலை செய்யிறவனுக்கு அது தெரியும்."

அம்பலவாணன் கையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கோபம் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். மெதுவாகக் கேட்டார்: "மாட்டுத்தோலோ?"

"ஓம்."

"சின்னனிலையிருந்து பழகின வேலையோ?"

"இல்லை, இஞ்சை வந்துதான்" என்றேன். நல்ல மனுசன், அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். நாள் குறிக்காமல் போனார்கள்.

மார்ச் 22

அந்தக் கேள்வி இன்றைக்குத்தான் விளங்கியது.

குகதாசன் தொலைபேசியில் எடுத்தான். "மச்சான், அம்பலவாணன் ஆக்கள் ஊரிலை விசாரிக்கினம். நீ டொக்டரோ இல்லையோ எண்டதில்லை. நீ எந்த ஆக்கள் எண்டு. தோல் வேலை எண்டவுடனை பயந்திட்டினம்." பிறகு சிரித்தான். "பயப்பிடாதை. எனக்கு அம்பலவாணனைத் தெரியும். நாங்கள் ஆர் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும், முடிஞ்சுது."

சொல்லாதே என்றேன். ஏன் என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

ஏன்? அவன் கேட்டபோது எனக்கு வாய்க்குள் என்ன வந்தது? "நாங்கள் அந்த ஆக்கள் இல்லை." அப்படியே முழு வசனமாக வந்தது. விழுங்கினேன். பட்டதாரி, படிப்பித்தவன், இவ்வளவு உலகம் பார்த்தவன் எண்டு பெருமையடிக்கிறன் — உள்ளுக்குள்ளை அந்த வசனம் ரெடியா இருந்திருக்கு. அவங்கள் என்னை விசாரிக்கிறாங்கள் எண்டு கோபமா, இல்லை, என்னைப் போய் அந்த ஆளெண்டு நினைச்சிட்டாங்கள் எண்டு கோபமா? இரண்டும் ஒண்டில்லை. எது எண்டு தெரியேல்லை.

மார்ச் 25, சனி

தவநாயகி: "பொய் சொல்லச் சொல்லேல்லையே. உள்ளதைச் சொல்லத்தானே கேக்கிறன். பிள்ளையின்ரை வாழ்க்கை."

"அந்த உள்ளதைச் சொன்னால், நான் செய்யிற வேலை ஊத்தை எண்டு நானே ஒத்துக்கொண்டமாதிரி."

"அப்ப கை கழுவாமல் சாமியறைக்குள்ளை போய்ப் பாருங்கோவன்!" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள்? சவாலா, பகிடியா? நான் போகவில்லை.

லோஜினிக்கு ஒன்றும் தெரியாது. டொக்டர் இல்லை என்பதுதான் சிக்கல் என்று நினைத்திருக்கிறாள். "அப்பா, நீங்கள் செய்யிறது எவ்வளவு கூல் எண்டு அவனுக்குச் சொன்னனான். அவன் சிரிச்சுச் சிரிச்சு... அவன்ரை அப்பாதான் ஏதோ யோசிக்கிறாராம். ப்ளீஸ் அப்பா, ஒருக்காக் கதையுங்கோ. எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு." அழவில்லை. அழுதிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

மார்ச் 29

குவளையைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கொலின் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தேத்தண்ணி! திரும்ப மெழுகில் தோய்த்துக் கையால் பிடித்து நிமிர்த்தினேன். நிற்கிறது, ஆனால் இடப்பக்கம் சாய்வு.

ஏப்ரல் 2, ஞாயிறு

வெம்பிளியிலிருந்து ஒன்றும் இல்லை. லோஜினி அறைக்குள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஒன்றும் இல்லை. அம்பலவாணனின் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்து என்ன சொல்வது? சொன்னால் நான் யார்? சொல்லாவிட்டால் நான் எப்படிப்பட்ட தகப்பன்?

ஏப்ரல் 14, வெள்ளி

புதுவருடம், பெரிய வெள்ளியும் கூட. பட்டறை பூட்டு. காலையில் அம்பலவாணன் தொலைபேசியில் எடுத்தார்.

"புதுவருச வாழ்த்துகள், சம்பந்தி."

ஆவணியில் நல்ல நாள் இருக்கிறதாம், வெம்பிளியில் மண்டபமும் பார்த்துவிட்டாராம். என்ன சொல்வதென்று தெரியாமல், "என்ரை வேலை..." என்று தொடங்கினேன்.

"அட, தொழிலிலை என்ன இருக்கு சம்பந்தி? செய்யிற ஆள் ஆர் எண்டதுதானே முக்கியம்."

நன்றி என்று இரண்டு தடவை சொன்னேன். இந்த நாட்டில் என்னைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. இப்படி ஒரு பெரிய மனுசனையா பிழையாக நினைத்தேன்! தவநாயகியிடம் அப்படியே சொன்னேன். அவள் நிமிரவில்லை, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அந்த வசனத்தை இன்னொருதரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். செய்யிற ஆள் ஆர்.

"குகதாசன் அவையோடை கதைச்சவனோ?"

"அண்ணை உள்ளதைத்தானே சொன்னவர்" என்றாள்.

ஹோலுக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். எனக்காக யாரும் அப்படிச் சொல்லத் தேவையில்லை, அதைக் கேட்டு நீங்கள் வருவதானால் வரவேண்டாம் என்று சொல்லவேண்டும். மேலே லோஜினி யாரோ சிநேகிதிக்குச் செய்தி சொல்லிக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தாள். எண்ணை அழுத்தினேன். கனகாம்பிகை எடுத்தார்.

"சொல்லுங்கோ அண்ணை."

மண்டபத்தில் கார் விட இடம் இருக்குமா என்று கேட்டேன்.