கறுப்புக் கரை போட்ட கவர்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
18-11-1984

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு உன் சித்தப்பா லூர்துநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் மாதா புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், துலோனில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று பூசைக்குப் போகும் நாளெல்லாம் மூன்று பேர் பெயரையும் சொல்லாமல் திரும்புவதில்லை. மழை பத்து நாளாக விடவில்லை, அரசலாறு கரை தொட்டு ஓடுகிறது, கொல்லைச் சுவர் விழுந்துவிட்டது, சித்திக்கு முட்டிவலி. அதெல்லாம் கிடக்கட்டும். உன் அப்பா கண்ணை மூடின நாளிலிருந்து உன்னை மகளாக வளர்த்தவன் நான், நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை மட்டும் தள்ளாமல் படி. மர்சேயில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நீ உடனே போகவேண்டிய காரியம் இருக்கிறது.

நான் வீட்டுத் தரகில் இறங்கியதை முன்பே எழுதியிருந்தேன். மற்ற தரகர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எவன் வீடு விற்க வருவான் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, ஊரிலேயே, ஏன் புதுச்சேரி வரைக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கடிதம் போட்டு வீடு பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தவன் உன் சித்தப்பாதான். சவுதிக்குப் போய் வந்தவர்கள் வீடு வீடு என்று அலைகிறார்கள், இங்கே பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரன் எல்லாம் பிரான்சில். அங்கே எழுதிக் கேட்டால் என்ன என்று தோன்றியது. அச்சகம் வைத்திருக்கிற பஞ்சநாதனிடம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பத்திரிகை அடித்தவர்கள் கொடுத்த வெளிநாட்டு விலாசமெல்லாம் ஒரு பழைய நோட்டில் இருந்தது. அதை வாங்கி, ஐயா தங்கள் காரைக்கால் வீடு ஆளில்லாமல் கரையான் அரிக்கிறதே, எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நல்ல கையில் சேர்க்கிறேன் என்று அடித்து, தெருப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு என் கையால் நிரப்பி அனுப்பினேன். வெள்ளைக் கவரில் நூறு போனது. தபால்காரர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார் என்று நினைத்தேன். ஒரு பதில் வரவில்லை. அச்சடித்த காகிதம் என்று பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பார்கள்.

அப்போது பஞ்சநாதன் கடை மூலையில் ஒரு கட்டுக் கவர் பார்த்தேன், சாவுப் பத்திரிகைக்கு வாங்கி மீந்தது, நாலு பக்கமும் கறுப்புக் கரை போட்டது. ஊரிலிருந்து கறுப்புக் கரை வந்தால் எந்தக் காரைக்கால்காரனும் பிரிக்காமல் இருக்கமாட்டானே என்று மூளை வேலை செய்தது. பஞ்சநாதன் வேண்டாம் என்றுதான் சொன்னான். "அண்ணே, ஒங்களுக்கு வெளயாட்டா இருக்கு, பிரிக்கிறவன் கை நடுங்குமுண்ணே"ன்னான். நடுங்கட்டும், பிரித்தால் சரி என்றேன். மற்றவர்களிடமெல்லாம் வெள்ளைக் கவர் தீர்ந்துபோச்சு, அதனால் போட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் கவர் ஒரு கட்டு அப்படியே இருந்தது செல்வி, இப்போதும் பரண்மேல் இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நோட்டில் இருந்த வரிசைப்படி, யார் எவர் என்று பார்க்காமல் போட்டுக்கொண்டே போனேன். அதில் மாதா கோயில் தெரு சூசைராஜ் பெயரும் இருந்தது. சைகோனில் சிப்பாயாக இருந்து பிறகு மர்சேயில் தங்கிவிட்டாரே, அவர்தான். அவர் வீட்டில்தான் கல்யாணம் கட்டாத தங்கை சலோமி டீச்சர் முப்பது வருஷமாக இருக்கிறார், உனக்கே பிரெஞ்சு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். பத்திரம் அண்ணன் பெயரில், குடியிருப்பு தங்கை. ஆளிருக்கிற வீட்டுக்கு ஆளில்லை என்று எழுதினேனே, அந்தத் தெருவில் தினமும் சைக்கிளில் போகிறவன்தானே நான்.

செப்டம்பர் கடைசியில் கனமான கவர் ஒன்று வந்தது. உள்ளே சூசைராஜ் மகன் பிரெஞ்சில் எழுதின கடிதமும், நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் அப்பா கைநாட்டு வைத்து எனக்குக் கொடுத்த பவர் பத்திரமும் இருந்தது. நம் பிரெஞ்சு உனக்குத் தெரியும், பிரெஞ்சுக்காரன் கொடி இறக்கின அன்றைக்குத் துரைக்கே பதில் சொன்னவன். மெசோன் என்றால் வீடு, வாந்த்ரு என்றால் விற்பது, அது இரண்டும் கண்ணில் பட்டது, மிச்சத்தை மரியாதை வார்த்தை என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே சவுதியிலிருந்து வந்த நாகூர் மீரானைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காட்டப் போனேன்.

சலோமி டீச்சர்தான் கதவைத் திறந்தார். அண்ணன் விற்கச் சொல்லிவிட்டார், உங்களுக்குப் பின்கட்டில் ஓர் அறை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று நான் தாராளமாகப் பேசினேன். "என்னய ஒரு வார்த்த கேக்காம எங்கண்ணன் ஒரு செங்கல்ல கூட விக்க மாட்டாங்க தம்பி, குடுங்க பாப்போம்" என்று கடிதத்தை வாங்கி நிலையைப் பிடித்துக்கொண்டே படித்தார். அழவில்லை. மடித்து என் கையில் திரும்ப வைத்து, "இதுல நான் செத்துப் போயிருக்கேன் தம்பி" என்றார். அண்ணனுக்கு இரண்டு கண்ணும் மங்கல், மகனுக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. கறுப்புக் கரையைப் பார்த்திருக்கிறார்கள், கீழே இங்கிலீஷில் அடித்திருந்த என் பேரையும் வீட்டுத் தரகர், காரைக்கால் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஊரில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே உயிர் தங்கைதான், அப்புறம் வேறு யார் சாவாக இருக்கும்? நான் இங்கிலீஷ் எழுத்தில் தெருப் பெயரை எழுதினது அவர்களுக்குச் சாவு வீட்டு விலாசமாகவும், நான் அந்த வீட்டை விற்றுக் கொடுக்கிறவனாகவும் பட்டிருக்கிறது. தங்கைக்காகப் பாட்டுப் பூசை வைத்திருக்கிறார், கறுப்புத் துணி உடுத்தி முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காலையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சும் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், காது மட்டும் கேட்கிறதாம். அதற்கு முன்னே வைத்த கைநாட்டுதான் அந்தப் பத்திரம். இதெல்லாம் கடிதத்திலேயே இருந்தது, நான் மரியாதை வார்த்தை என்று விட்டது.

நாகூர் மீரான் வாசலிலேயே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். "உசுரோட இருக்குற மனுசிய மவுத்தாக்கி ஒரு வூடு எனக்கு வாணாம்ண்ணே, நீங்களே வச்சிக்குங்க" என்று என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் அன்றைக்கே தந்தி கொடுத்தேன், சலோமி உயிரோடு இருக்கிறாள், கவர் வீடு கேட்டுப் போட்டது என்று. மகனிடமிருந்து பதில் வந்தது, இந்த முறை டீச்சரையே படிக்கச் சொன்னேன். செத்தவர் பெயரில் ஒரு தடவை விளையாடினது போதும், வீட்டை அமுக்கிக்கொள்ள எவளோ ஒருத்தியை நிறுத்தியிருக்கிறாய், படுத்திருக்கிற மனுஷனிடம் இதைச் சொல்லி அவரைக் கொல்லமாட்டேன், கிறிஸ்துமஸுக்குள் நீ விற்காவிட்டால் வேறு தரகருக்குப் பவரை மாற்றுவேன் என்று எழுதியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, கறுப்புக் கவரில் வியாபாரம் எழுதினவனின் தந்தியை எவன் நம்புவான்? பத்திரம் என் பெட்டியில்தான் இருக்கிறது, நான் விற்கமாட்டேன். ஆனால் வேறொருவன் விற்பான். இங்கே நாலு தரகன் இப்போது என்னைப் பார்த்துக் கடிதம் போட ஆரம்பித்துவிட்டான். சலோமி டீச்சர் அறுபத்தாறு வயதில் டிரங்குப் பெட்டியோடு எங்கே போய் நிற்பார்?

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். உன்னை அந்த மகனுக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவன். நீ சொன்னால் உள்ளே விடுவான். இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். நாகூர் மீரான் கோபம் இருந்தாலும் தன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார், நல்ல மனுஷன். முதலில் வெகுநேரம் மழைச் சத்தம்தான் கேட்கும், கேசட் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதே. பிறகு "அண்ணே, நான் சலோமிதான், மூக்குச் சளி, குரல் ஒரு மாதிரி இருக்கும்" என்கிறார். மகன் உங்களை நல்லா பார்த்துக்கிறானா, மாத்திரையைத் துப்பாமல் விழுங்குங்க என்கிறார். வீட்டைப் பற்றிச் சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பூசை வச்சீங்களாமே, அழுதீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் பட்டனை நிறுத்திவிட்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு தடவை பேசுங்கள் என்று கெஞ்சினேன். "அது போதும் தம்பி, வீட்டுக்காகத்தான் உசுரோட வந்தாள்னு அண்ணன் நெனச்சிடக் கூடாது" என்றார்.

ஆகவே மகளே, வீட்டுப் பேச்சை நீதான் மகனிடம் பேசவேண்டும், கிழவரிடம் வேண்டாம். கேசட்டை அவர் வலது காதுப் பக்கம் வைத்துச் சத்தம் குறைவாகப் போடு, ஒரேயடியாகக் கேட்டுத் திடுக்கிடப் போகிறார். அதற்கு முன்னே தமிழில் நீ யார் மகள் என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொள். கவர் அனுப்பினவன் உனக்கு யார் என்று மகன் கேட்டால் என் சித்தப்பா என்று தலை நிமிர்ந்து சொல்ல முடியாது, குனிந்தே சொல், ஆனால் மறைக்காதே. மாப்பிள்ளையை வேலையை விட்டு வரச்சொல்லாதே, நீ தனியாகப் போய் வருகிற ஆள்தான். கழுத்துக்குக் கம்பளி போட்டுக்கொள்.

உங்கள் மூவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், பேத்திக்குச் சித்தியும் நானும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர் அனுப்புகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ போய்ச் சேருவதற்குள் கிழவர் போயிருந்தால், சலோமி டீச்சருக்கு நீ எழுதாதே, தந்தியும் கொடுக்காதே. எனக்கு எழுது. நான் நடந்துபோய் அவர் வாசலில் நின்று வாயால் சொல்கிறேன்.

உன் சித்தப்பன்
ம. லூர்துநாதன்