பட்டாளத்துக்காரரின் முதுகு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை நினைவுபடுத்தினால் எரிந்து விழாதீர்கள்.

இங்கே கம்பெனியில் வாளி வார்க்கும் மெஷினில் கழிவாக விழும் பிளாஸ்டிக் குச்சிகளைக் கேட்டு வாங்கி, கட்டைவிரல் உயரத்தில் ஒரு சிப்பாய் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள்தான் அது. குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் நூலாக இழுத்தால் பெல்ட், சட்டை மடிப்பு எல்லாம் வந்துவிடுகிறது. அப்படி இழுத்தபோது விரலில் லேசாகச் சுட்டுவிட்டது. கொசுக்கடி மாதிரிதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பொம்மையின் கையில் கரண்டியைப் பார்த்துவிட்டு, என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் கேட்டான்: "என்னடா, துப்பாக்கியக் காணோம்?"

"எங்கப்பா பட்டாளத்துல சமையல்காரர்டா. இருபது வருஷமும் அண்டாவோடதான் மல்லுக்கட்டினாரு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே பல் குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டுத் தொப்பிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான்.

முன்பக்கம் முடிந்துவிட்டது. ஓர் உதவி வேண்டும். உங்கள் முதுகை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். பழைய சீருடை இப்போது இறுக்கமாக இருந்தால் வெறும் சட்டை போதும். என்னிடம் இருக்கும் எல்லாப் படத்திலும் நீங்கள் நேராகப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள்.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். உங்கள் முதுகை நான் நின்று பார்த்தது ஒரே ஒரு தடவைதான். என்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்களே, அன்றைக்கு. அப்போது எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை அப்பா.

உங்கள் மகன்