வலக்கண் இல்லாமல் இரண்டு போட்டிகள்

மார்ச் 2

எந்தத் துப்பாக்கிப் போட்டிக்குப் போவது? தூரம் பிரச்சினை இல்லை. இரண்டுமே எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரம்தான். என் கணவன் ஹாலிஸ் மறுபடி சுட வேண்டும். அதற்கு எது தோது?

பென்சில்வேனியா: செப்டம்பர். கம்பளிக் கோட்டு, டை. பறக்கவிடும் களிமண் தட்டுகளில் ஒவ்வொருவரும் சுட்டு உடைத்த எண்ணிக்கை பெரிய பலகையில்.

கரோலைனா: ஏப்ரல். புகையில் வாட்டிய பன்றியிறைச்சி. யாரும் எண்ணுவதில்லையாம்.

துப்பாக்கிகள் இரண்டிலும் ஒரே வகை. நூறு வயது இரட்டைக்குழல்கள்.

மார்ச் 3

கரோலைனாவுக்குப் போகலாம் என்று ஹாலிஸிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வலது கண்ணு போனவன் எங்க சுட்டா என்ன? கரோலைனாவுல மட்டும் கண்ணு தெரிஞ்சிடுமா?"

"சாப்பிடவாவது வாயேன்."

யோசித்தான். "சாப்பிட மட்டும்தான்."

மார்ச் 19

கணவனை இறைச்சி காட்டி இழுக்கிறேன். இது ஏமாற்றா? இருக்கலாம்.

ஏப்ரல் 24

கரோலைனா. இங்கே முன்பின் தெரியாதவர்கள்கூடத் தங்கள் துப்பாக்கியை நீட்டி, சுட்டுப் பாருங்கள் என்கிறார்கள். அதுதான் உபசாரம். வெர்லீன் என்ற பல் மருத்துவர், ஐம்பது வயதிருக்கும், தன்னுடையதை ஹாலிஸிடம் நீட்டினார். தோளில் வைக்கும் மரக்கட்டை பாம்புபோல இடப்பக்கம் வளைந்திருந்தது.

"என்ன இது, வெயில்ல கோணிக்கிச்சா?"

"உங்க வாயும்தான் கோணலா இருக்கு. நான் ஏதாச்சும் கேட்டனா? எனக்கும் வலது கண்ணு சரியில்ல தம்பி. வலது தோள்லயே வைங்க, குழல் இடது கண்ணுக்கு நேரா வரும். புடிங்க. நீட்டினத வேணாங்கறது இங்க மரியாதையில்ல."

வாங்கிச் சுட்டான். ஆறு தட்டுகள் முழுசாகப் பறந்து போயின. நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது — இரண்டாவது குழலில் — பொடியாகிப் போனது.

சுட்டு முடித்ததும், பாதுகாப்புக்காகத் துப்பாக்கியை மடக்கித் திறந்து பிடிக்காதவர்களை முறைக்கும் மனிதன், மூடிய துப்பாக்கியோடு அப்படியே நின்றான். வெர்லீன்தான் கை நீட்டித் திறந்துவிட்டார்.

ஏப்ரல் 25

காரில் வரும்போது, வளைந்த கட்டை செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று மூன்று தரம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 28

"பென்சில்வேனியாவுக்கு எழுதிப் போடு," என்றான், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"ஏன்? கரோலைனா பிடிக்கலயா?"

"பிடிச்சுது. ஆனா அடுத்த ஏப்ரல் வரைக்கும் யாரு காத்துட்டிருப்பா?"

வெர்லீனுக்கு அவனே போன் செய்திருக்கிறான். அவரும் வருகிறாராம். ஒரே துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுடுவார்களாம்.

எனக்குப் பிடித்தது கரோலைனாதான். அதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

பென்சில்வேனியா போட்டிப் படிவத்தில் அவன் பெயரை எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.