கல்லில் அடித்துத் துவைத்த கையுறை

அயனம்பாக்கம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷோபனாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம், உன் அம்மா என்னைவிட ஒரு பங்கு கூடுதல் சௌக்கியம், காரணம் பின்னால் வரும், கொரியாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கப் பச்சையம்மன் துணை நிற்கட்டும். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் எழுதக் கற்றுக்கொண்டு முதல் கடிதத்தை இதற்கு எழுதாமல் வேறு எதற்கு எழுதுவது, மெதுவாகத்தான் எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி. மாலை வகுப்பு நன்றாகப் போகிறது. போன வாரம் பஸ் பலகையை நானே படித்து ஏறினேன், அம்பத்தூர் என்றுதான் இருந்தது, ஆனால் அது அம்பத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸாம், பூந்தமல்லியில் கொண்டுபோய் விட்டார்கள். நான் படித்தது தப்பில்லை என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கை விழுந்ததும், பயிற்சி செய்யாவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். அவள் பயிற்சியை அடியோடு விட்டிருந்தது உனக்குத் தெரியாது, சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வெரல் அசையவே இல்ல, எதுக்கு சும்மா ஆட்டிக்கினு கீறது என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில்தான், விரல் அசைவைப் போனில் கோடாகக் காட்டும் என்று நீ செய்து அனுப்பிய கையுறை வந்தது. கீழ் வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற டில்லிபாபு அதை அவள் கையில் மாட்டி, அதன் மணிக்கட்டில் இருக்கிற சின்னப் பெட்டியைப் போனோடு சேர்த்துவிட்டான். விரல் அசைந்தது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, போனில் பச்சைக் கோடு எழும்பியது. தோ, கீதுயா, உசுரு கீது என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து சீரியல் ஓடும்போதுகூட அவள் கோட்டைத்தான் பார்க்கிறாள்.

இன்னா நைனா, உள்ள ஒயரே காணோம் என்று டில்லிபாபு கேட்டான். நீ எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன், ஒயருக்குப் பதில் தண்ணீர் மாதிரி ஓடுகிற உலோகம், இழுத்தால் கூடவே நீளும், காற்றுப் பட்டால் ஆறின பால் மாதிரி மேலே ஆடை கட்டும், அது மெல்லியது, கிழிந்தால் கசியும், அதனால் என் மகள் அதன் மேல் இன்னொரு தோல் போர்த்துகிறாள், அதுதான் அவள் வேலை என்றேன். அப்போ உம் பொண்ணு ஆத்துக்கு சொக்கா தெச்சுப் போடுதுன்னு சொல்லு என்றான். கசிந்தால் அலுமினியத்தை உளுத்துப்போக வைத்துவிடும் என்று நீ எச்சரித்ததால் இட்லிக் குண்டானையும் சோற்றுப் பானையையும் மொட்டை மாடிக்கு அனுப்பினேன், அதற்கு நான் வாங்கிய திட்டை எழுதினால் தாள் போதாது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து வந்தால், கொடியில் என் லுங்கிக்கும் அவள் புடவைக்கும் நடுவே உன் கையுறை கிளிப் மாட்டித் தொங்குகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. ஈரத் துணியால் துடைத்தால் போதும், இருப்பதே ஒன்றுதான், மறுபடி செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே. அம்மாவிடம் கத்தினேன், அவள் அசரவில்லை. இன்னாத்துக்கு இந்தக் கூவு கூவுற, வேர்வ நாறுது, சாமி படத்தாண்ட அத்தப் போட்டுக்கினு ஒக்கார முடியுமா, அந்தப் பொட்டிய கயட்டி வெச்சிட்டுத்தான் தோச்சேன் என்றாள். சோப்பு போட்டாயா என்றேன், போடாம என்றாள். கல்லில் அடித்தாயா என்றேன், ரெண்டே அடி, மெதுவா என்றாள்.

டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தான், வெள்ளி நிறத்து உலோகம் ஒரு பொட்டுகூட வெளியே கசியவில்லை. ஈரம் காயவிட்டு, பெட்டியை மாட்டி, அவன் தன் கையிலேயே போட்டுப் பார்த்தான், கோடு ஜோராக எழும்பியது. நீ போர்த்திய தோல் எங்கள் துவைக்கிற கல்லையும் தாங்கிவிட்டது, கண்ணு! நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மாவைப் பார்த்து, எம்மா, சொட்டுத் தண்ணி இல்லாம புழிஞ்சு போட்டுக் கீறியே, எந்தக் கையால புழிஞ்ச என்று கேட்டான். அம்மா தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கையால் துணியைப் பிழிய முடியாது அல்லவா. நான் என் துண்டை வாளியில் முக்கி அவளிடம் நீட்டினேன். இடது கை ஒரு முனையைப் பிடித்தது, வலது கை நடுங்கிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தது, முறுக்கினாள், என் கால் மேல் தண்ணீர் சொட்டியது. கொஞ்சம்தான், ஆனால் சொட்டியது. அம்மா அழுதாள், உடனே, தள்ளி நில்லுயா, ஊடெல்லாம் ஈரம் என்று என்னைத் திட்டினாள்.

கல்லில் அடித்ததை உன் பேராசிரியரிடம் மறைக்காமல் சொல், உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் துவைக்கிற கல் இருக்காது. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. ராத்திரி வெறும் நூடுல்ஸ் சாப்பிட்டுப் படுக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் தெரிகிற மாதிரி வா, அம்மா உனக்குக் கை காட்ட வேண்டுமாம். இந்தக் கடிதத்தை மடிப்பது நான் இல்லை, மடிப்பு கோணலாக இருந்தால் பிரித்துச் சரிசெய்யாமல் அப்படியே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. நடேசன்